தண்ணி வந்துச்சா?

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் மேடையேறினால் வெற்றிக் கதைதான் சொல்வார்கள். நான் ஒரு தோல்விக் கதையோடு வந்திருக்கிறேன். 2010-இல் இங்கே மெக்கானிக்கல் முடித்தவன், 2021-இல் ஒரு நல்ல எஞ்சினை என் கையாலேயே கெடுத்த கதை.

நான் வசிப்பது அமெரிக்காவில் மினசோட்டா மாநிலம். பத்தாயிரம் ஏரிகளின் நாடு என்று அதற்குப் பெயர். அங்கே பெப்பின் என்ற ஏரியில்தான் 1922-இல் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற இளைஞர் காலில் பலகைகளைக் கட்டிக்கொண்டு, படகு இழுக்க, தண்ணீர்மேல் நின்று காட்டினார். வாட்டர் ஸ்கீயிங் பிறந்த கதை அது. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு படகு இல்லாமல் இருக்கலாமா? 2019-இல் ஒரு பழைய ஸ்கீ படகு வாங்கினேன். 1990-இல் செய்தது. என்னைவிட ஒரு வயசுதான் சின்னது. மகளுக்கு அப்போது ஏழு வயது. "ஒன்பது வயசு ஆனதும் உன்னைத் தண்ணிமேல நிக்க வைக்கிறேன்" என்று வாக்குக் கொடுத்தேன்.

சாதாரண மோட்டார் படகுக்கு எஞ்சின் பின்னால் தொங்கும். ஸ்கீ படகுக்கு நடுவில் இருக்கும். பாரம் நடுவில் இருந்தால் படகின் பின்னே எழும் அலை தாழ்வாக இருக்கும். அதைத் தாண்டிப் போகிறவருக்கு முட்டி தப்பும். எஞ்சின் என்னவோ காரில் வரும் அதே ஃபோர்டு 351, எட்டு சிலிண்டர், 5.8 லிட்டர். காரில் ரேடியேட்டர் உண்டு. என் படகில் அது கிடையாது. ஏரித் தண்ணீரையே ரப்பர் இதழ் வைத்த ஒரு சின்ன பம்ப் உறிஞ்சி, எஞ்சினுக்குள் சுற்றவிட்டு, புகையோடு பின்னால் துப்பிவிடும். எளிமையான ஏற்பாடு. ஆபத்தும் அங்கேதான்.

மினசோட்டாவில் குளிர்காலத்தில் ஏரி உறைந்து, அதன்மேல் கார் ஓட்டுவார்கள். தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய ஒன்பது சதவீதம் விரியும் என்று ஒன்பதாம் வகுப்புப் பையனும் சொல்வான். எஞ்சினுக்குள் தண்ணீர் நின்று உறைந்தால் வார்ப்பிரும்பு அதைத் தாங்காது. ஆகவே குளிருக்கு முன் பிளாக்கின் இரு பக்கமும் உள்ள பிளக்குகளையும், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பிளக்குகளையும் கழற்றி எல்லாத் தண்ணீரையும் வடித்துவிட வேண்டும். முதல் வருஷம் கூலி கொடுத்துச் செய்தேன். 2020 அக்டோபரில், "நாம என்ன, மெக்கானிக்கல் இஞ்சினியர் இல்லையா?" என்று நானே இறங்கினேன்.

நோட்டுப் புத்தகத்தில் வரிசையாக எழுதிக்கொண்டேன். வலது பிளக்: கழற்றியாச்சு, டிக். இடது பிளக்: கழற்றியாச்சு, டிக். மேனிஃபோல்டு: டிக், டிக். வலது பக்கம் குபுகுபுவென்று கொட்டியது. இடது பக்கம் நாலு சொட்டு. "ஏற்கெனவே வடிஞ்சிருக்கும்" என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த மே மாதம் எஞ்சினை ஓட்டிவிட்டு, அளவுகோலை உருவிப் பார்த்தால் ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் இருக்கிறது. ஆயிலில் தண்ணீர்! இடது பக்கம் பிளாக் நெடுக விரிசல்.

பக்கத்து வீட்டில் எழுபது வயது தாண்டிய ஒரு பெரியவர். லேத் பட்டறையில் நாற்பது வருஷம் வேலை பார்த்தவர். நான் நோட்டைக் காட்டி, "எல்லாம் முறைப்படிதான் செய்தேன்" என்றேன். அவர் நோட்டைப் பார்க்கவே இல்லை. ஒரே கேள்விதான் கேட்டார்: "இடது பக்கம் தண்ணி வந்துச்சா?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் ஒரு கம்பித் துண்டை எடுத்து அந்த ஓட்டைக்குள் விட்டுக் குத்தினார். துருவும் வண்டலும் கட்டியாக வந்தன, பின்னாலேயே தண்ணீர். ஏழு மாதத்துக்கு முன் அந்தக் கம்பியை நான் விட்டிருந்தால் எஞ்சின் பிழைத்திருக்கும்.

அந்தக் கோடை முழுக்க வேறொரு பழைய எஞ்சினைத் தேடி வாங்கி மாற்றினோம். அவருக்குக் கை நடுங்கும். ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்துகொண்டு சொல்வார், நான் செய்வேன். ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் எல்லாம் கார் கடையில் மலிவாகக் கிடைக்குமே என்றேன். முறைத்தார். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. காரில் அது கீழே இறங்கித் தெருவோடு போய்விடும், படகிலோ அடித்தட்டில் தேங்கி நிற்கும். ஒரு பொறி போதும். ஆகவே பொறி வெளியே வராதபடி மூடிய, படகுக்கென்றே செய்த பாகங்களைத்தான் போடவேண்டும். ஸ்டார்ட் செய்யுமுன் நாலு நிமிஷம் புளோயரை ஓடவிட்டு, மூடியைத் திறந்து மோந்தும் பார்க்கவேண்டும்.

எஞ்சினையும் ஷாஃப்டையும் இணைக்கும் கப்ளிங் இரண்டு முகமும் எந்தப் பக்கம் ஃபீலர் கேஜ் விட்டாலும் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பாகத்துக்குமேல் வித்தியாசம் காட்டக்கூடாது. அதையும் படகு தண்ணீரில் மிதக்கும்போதுதான் கடைசியாகச் சரிபார்க்கவேண்டும். வண்டிமேல் இருக்கும்போது அடிப்பாகம் வேறு மாதிரி வளைந்திருக்கும். ஷாஃப்ட் வெளியேறும் இடத்தில் கிளாண்ட் கயிறு. சொட்டே விழாதபடி இறுக்கினேன். "ஓடும்போது சொட்டணும், இல்லாட்டி ஷாஃப்ட் சூடாகித் தேயும்" என்றார். எங்கள் ஊர்க் கிணற்று பம்ப்செட்டில் என் அப்பா சொன்ன அதே வார்த்தை! பத்தாவதுகூடத் தாண்டாத அப்பா சொன்னபோது நான் காதில் வாங்கவில்லை.

மகளுக்கு ஒன்பது வயதுக் கோடை கரையிலேயே போயிற்று. அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

தம்பி தங்கைகளே, இப்போது உண்மையான விஷயத்துக்கு வருகிறேன். இதே கல்லூரி ஃபிட்டிங் ஷாப்பில் என் ஜாபை அரம் பிடித்து ராவியது நானல்ல, என் அறைத் தோழன். (அவன் மூன்றாவது வரிசையில் சிரிக்கிறான்.) ரெக்கார்டு நோட்டில் அளவுகளை நான் பார்த்து எழுதவில்லை, பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதினேன். கையெழுத்தும் கிடைத்தது, மார்க்கும் கிடைத்தது. பத்து வருஷம் கழித்து அதே பழக்கம் படகில் வந்து நின்றது. "கழற்றியாச்சு" என்று எழுதுவது செய்த வேலைக்குச் சாட்சி. "தண்ணி வந்தது" என்று எழுதுவதுதான் நடந்த உண்மைக்குச் சாட்சி. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் என் எஞ்சினில் விழுந்த விரிசல்.

இன்று என் அலுவலகத்தில் யார் சோதனை அறிக்கை கொண்டுவந்தாலும் நான் கேட்பது அந்தப் பெரியவரின் கேள்விதான். என் ஃபிட்டிங் ஷாப் ஆசிரியர் இங்கே வந்திருக்கிறார். ஐயா, பதினைந்து வருஷம் தாமதமாக மன்னிப்புக் கேட்கிறேன். எங்கள் பேட்ச் சார்பில் ஒரு பழைய எஞ்சினை ஒர்க்‌ஷாப்புக்கு வாங்கித்தர முடிவு செய்திருக்கிறோம். மாணவர்கள் பிரிக்கட்டும், பூட்டட்டும், கெடுக்கவும் செய்யட்டும். இங்கே கெடுத்தால் நஷ்டம் குறைவு.

2022-இல் படகு மறுபடி ஏரியில் இறங்கியது. மகள் ஆறு முறை விழுந்து, ஏழாவது முறை நின்றாள். ஒவ்வோர் அக்டோபரிலும் இப்போது கம்பி அவள் கையில். நான் பிளக்கைக் கழற்றுவேன், அவள் குத்திப் பார்த்துவிட்டுச் சொல்வாள்: "அப்பா, தண்ணி வந்துச்சு."

அதற்கப்புறம்தான் டிக்.