தவணைத் தேர்வும் எழுத்துப் பிழையும்



தவணைத் தேர்வு நெருங்கிவிட்டால், "எனக்கு எழுத்தே தெரியாது சார், நான் எப்படிப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பேன்?" என்று தாய்மார் சிலர் கேட்பதுண்டு. சொல்லிக் கொடுப்பது எங்கள் வேலை. படித்ததை மறுபடி பார்க்க வைப்பதை நீங்கள் செய்யலாம். அதற்கு எழுத்துத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

மாலையில் கால் மணி நேரம் போதும். பிள்ளை பாடநூலிலிருந்து ஐந்து சொற்களை உரக்கப் படிக்கட்டும். புத்தகத்தை மூடிவிட்டு அவற்றை எழுதட்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து, எழுத்தெழுத்தாக விரல் வைத்து இருவரும் ஒப்பிட்டுப் பாருங்கள். கோலத்தில் ஒரு புள்ளி தப்பினால் உங்கள் கண்ணுக்குத் தெரியாமலா போகும்? புள்ளி விட்ட எழுத்தும் அப்படித்தான் தெரியும். தவறிய சொல்லை மட்டும் மறுநாள் மீண்டும் எழுதட்டும். ஐம்பது தடவை எழுத வைக்கும் தண்டனை வேண்டாம். பத்துக்கு மேல் போனால் கைதான் எழுதும், மனம் எழுதாது.

பிழைகளில் பல நம் பேச்சிலிருந்தே வருகின்றன. வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்கிறோம். பிள்ளை காதில் விழுந்தபடி எழுதுகிறது. அதற்காகப் பேச்சைப் பழித்துப் பயனில்லை. சொல்லை வாக்கியத்தில் வைத்துக் கேளுங்கள். "குலை வெட்டிய அப்பாவுக்குத் தோள் வலி", "இது பள்ளிக்குப் போகும் வழி." பொருள் பிரிந்தால் எழுத்தும் பிரிந்து நிற்கும்.

வீட்டில் படித்த அண்ணனோ அக்காளோ இருந்தால் இதையும் சொல்லித் தரலாம். 'ட'வுக்கு முன்னால் வருவது ண்: வண்டி. 'ற'வுக்கு முன்னால் ன்: கன்று. 'த'வுக்கு முன்னால் ந்: பந்து. இது மனத்தில் பதிந்த பிள்ளை 'வன்டி' என்றோ 'கண்று' என்றோ எழுதாது. இன்னொன்று, ட், ற் என்னும் ஒற்றுகளை அடுத்து வேறோர் ஒற்று வராது. ஆகவே 'முயற்ச்சி' அன்று, முயற்சி. 'காட்ச்சி' அன்று, காட்சி. இவை ஒவ்வொரு தவணையும் சிவப்பு மை வாங்கும் சொற்கள்!

இலக்கணத்தில் "மாடுகள் மேய்ந்தது" என்பதே பெரிய தொல்லை. மாடு மேய்ந்தது, மாடுகள் மேய்ந்தன. உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன் ஓர்: ஓர் ஆடு. மற்றவற்றுக்கு ஒரு: ஒரு வீடு.

தாத்தா பாட்டிமாருக்கும் ஒரு வார்த்தை. தமிழ்நாடு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. நம் பள்ளிப் புத்தகங்களும் பின்னர் அவ்வடிவங்களுக்கு மாறின. 'தலை', 'யானை' என்பவற்றைத் துதிக்கை வைத்த பழைய எழுத்தில் படித்தவர்கள், பேரன் எழுதியதைத் தப்பென்று அடித்துவிட வேண்டாம்.

தேர்வுக்கு முந்திய இரவு புதிதாக எதையும் படிக்க வேண்டாம், நேரத்தோடு தூங்கட்டும். விடியுமுன் பிரட்டுக்குக் கிளம்புகிறவர்கள், பென்சிலைச் சீவி இரவே பையில் வைத்துவிடுங்கள்.

வணக்கம்.