இறால் ஒவ்வாதார்



பழவேற்காட்டு ஏரியின் இறாலும் நண்டும் நம் இல்லத்து விருந்துகளுக்குச் சிறப்புத் தருவன. அவற்றைப் பழிக்க யாம் எழுந்திலோம். யாமும் விரும்பி உண்பவரே. ஆயின் அவ்வுணவே சிலர்க்கு நஞ்சாதலையும், அதனை மறைப்பதால் வரும் கேட்டையும் கூறவே நிற்கின்றோம்.

எம் தமக்கையார் மகள் கும்மிடிப்பூண்டிச் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையிற் பணிபுரிபவள். இறால் உண்டால் தன் உடல் தடிக்கும் என்பதைச் சிறுமியாய் இருந்தபோதே அறிந்தவள். மணம் பேசுங்கால், “இதனைச் சொன்னால் நோயாளிப் பெண் என்பார்கள்” என்று பெரியோர் அவள் வாயை அடைத்தனர். அப்பெரியோருள் யாமும் ஒருவர் என்பதை நாணத்தோடு கூறுகின்றோம். மணமான பின் நிகழ்ந்த முதல் விருந்தில் மாமியார் அன்போடு இறாற்குழம்பு வார்த்தார். மறுக்க அஞ்சியவள், இறாலை ஒதுக்கிவிட்டுக் குழம்புச் சோறு மட்டும் இரண்டு கவளம் உண்டாள். கால் மணிக்குள் இதழ் வீங்கிற்று, மூச்சுத் திணறிற்று, மயங்கிச் சாய்ந்தாள். பொன்னேரியில் மருத்துவர் இட்ட ஊசி அவளைக் காத்தது. “என்னிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாகாதா, மகளே!” என்று அவ்வம்மையார் அழுதது இன்னும் எம் செவியில் ஒலிக்கின்றது.

இறாலைத் தொடாதவளுக்குக் குழம்பு தீங்கு செய்தது எங்ஙனம்? இறாலின் தசையில் டிரோப்போமயோசின் என்னும் புரதம் உளது. ஒவ்வாதார் உடல் அதனைப் பகையெனக் கருதிப் போர் தொடுக்கின்றது. கொதிக்க வைத்தாலும் அப்புரதம் கெடுவதில்லை, குழம்பிலும் கலந்துவிடும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துச் சுப்பாராவும் உடன் ஆய்ந்தோரும், நம் கடலின் வெள்ளை இறாலைக் கொண்டே, வெப்பத்துக்கு அழியாத ஒவ்வாப் பொருளை 1989இல் பிரித்தெடுத்துக் காட்டினர். அது டிரோப்போமயோசினே என்பது 1993இல் வெளியாயிற்று. நண்டிலும் சிங்கி இறாலிலும் அதுவே உண்டு. மீனின் புரதம் வேறு; ஆதலின் இறால் ஒவ்வாதார் பலர் மீன் உண்பர். எனினும் இறால் பொரித்த எண்ணெயிலேயே மீனையும் பொரித்தால் என் செய்வது? தொழிற்சாலை உணவகங்களில் உண்ணும் இளைஞர் இதனைக் கேட்டறிதல் வேண்டும். சென்னாக்குனிப் பொடி துவையலுள் மறைந்திருப்பதும் உண்டு.

நம் முன்னோர் இறாலைக் கரப்பான் பண்டம் என்றனர். தினவை அவர்கள் கண்டதில் பிழையில்லை. மூச்சடைப்பையும் கரப்பான் என்றெண்ணிப் பத்தியத்தோடு விடுதலே பிழை. சிறிது சிறிதாக உண்டால் பழகிவிடும் என்று வீட்டிலேயே சோதித்தலும் தகாது. அரிப்புக்குரிய மாத்திரை மூச்சைத் திறவாது. தொடையின் வெளிப்புறத்தில் இடும் அட்ரினலின் ஊசியே உயிர்காப்பது. உடனே 108ஐ அழையுங்கள். மயங்கியவரை எழுப்பி நடத்தாமல், கால்களை உயர்த்திப் படுக்க வையுங்கள்; மூச்சுத் திணறுவோர் அமர்ந்திருக்கட்டும். தேறியவரையும் உடனே வீட்டுக்கு அழைத்துவரலாகாது; சில மணி நேரங்கழித்துத் துன்பம் மீள்வதுண்டு.

எம் மருமகள் இப்போது நலம். மாமியாரே அவளுக்கென வேறு சட்டியும் அகப்பையும் வைத்துள்ளார்.

இன்றிரவு நம் சங்க விருந்திலும் இறால் உண்டு. அதற்கு வேறு அடுப்பு மூட்டுமாறு சமையற்காரரிடம் கூறியுள்ளோம். ஒவ்வாதார் வடக்குப் பந்தியில் அமர்க. பரிமாறும் அன்பர்கள் அவர்களிடம், “சிறிது வைத்துக்கொள்ளுங்கள்” என வற்புறுத்த வேண்டா.