வந்தவனும் சென்றவனும்
(அஸ்தம்பட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

வேலை தேடிச் சேலம் வரும் வடபுலத் தொழிலாளியைக் கண்டு, “இவன் ஏன் இங்கு வந்தான்?” என்று சிலர் கேட்கின்றனர். இக்கேள்வி நம்மவரை நோக்கியும் ஒருநாள் கேட்கப்பட்டது.

19ஆம் நூற்றாண்டில், திருச்சி, மதுரையோடு நம் சேலம் மாவட்டமும் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆளனுப்பிற்று. இலண்டன் சந்தைக்குக் காப்பி வேண்டியிருந்தது. 1869இல் இலைநோய் கண்டு காப்பி அழியத் தொடங்கவே, தேயிலை வந்தது. சரக்கு மாறிற்று, கங்காணி மாறவில்லை. அவன் தந்த முன்பணம் கடனாயிற்று; கடன் விலங்காயிற்று.

உழைப்பை ஏற்ற நாடு உழைத்தவனை ஏற்றதா? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி உடன்பாடு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்ப்போம் என்றது. மக்களைக் கேளாமலே மக்களைக் கூறுபோட்டனர்!

1991க்குப் பின் அந்நிய மூலதனத்திற்குக் கதவு அகலத் திறந்தது. மலிவான உழைப்பைத் தேடிப் பணம் பறக்கிறது. கூலியைத் தேடி மனிதன் அலைகிறான். பணத்திற்கு வரவேற்பு, மனிதனுக்கு ஒப்பந்தக்காரரின் பிடித்தம்!

வந்தவனைப் பகைப்பதால் நம் கூலி உயராது. அவன் கூலி தாழ்ந்தால் நம் கூலியும் தாழும். சம வேலைக்குச் சம கூலி. சங்கத்தில் அவனுக்கும் இடம். இதுவே வழி. மலைநாட்டில் நம்மவருக்குக் கேட்ட நீதியை, அஸ்தம்பட்டியில் அவனுக்கு மறுப்போமா?