எடுக்காமல் விட்ட விதைகள்
பொதுக்காலம் 11ஆம் ஞாயிறு – வானொலிச் சிந்தனை
நற்செய்தி: மாற்கு 4: 26-34

வட அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரில், மற்ற மரங்கள் வளரத் தயங்கும் உயரத்தில் 'ஒயிட்பார்க் பைன்' என்ற மரம் வளர்கிறது. இதன் கூம்புகள் முற்றினாலும் தாமாக விரிவதில்லை. விதைகளுக்குச் சிறகும் இல்லை. காற்று அவற்றைச் சுமந்து செல்வதில்லை. பிறகு இந்த மரம் பரவுவது எப்படி?

காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த 'கிளார்க் நட்கிராக்கர்' என்ற பறவை தன் கூரிய அலகால் கூம்பைப் பிளக்கிறது. விதைகளை நாக்கின் அடியிலுள்ள பையில் நிரப்பிப் பறந்து, ஒவ்வோர் இடத்திலும் சில விதைகளாக மண்ணில் புதைக்கிறது. அது குளிர்காலத்திற்கான சேமிப்பு. புதைத்த இடங்களில் பெரும்பாலானவற்றை அது நினைவில் வைத்திருக்கிறது. எடுக்காமல் விட்ட விதைகளிலிருந்தே புதிய மரங்கள் எழுகின்றன.

இன்றைய நற்செய்தியில் விதைத்தவர் தூங்கி எழுகிறார். விதை எப்படி வளர்கிறதென அவருக்குத் தெரியாது. இந்த உவமையைக் கேட்கும்போது நம் மனதில் ஒரு வலி எழுகிறது. மடியில் வைத்துச் செபமாலை சொல்லிக்கொடுத்தோம், மறைக்கல்விக்கு அனுப்பினோம். இன்று வெளியூரில் வேலை செய்யும் அந்தப் பிள்ளை ஞாயிறு திருப்பலிக்குப் போவதில்லை. எங்கே தவறினோம் என்று இரவில் விழித்திருக்கிறோம்.

விதை வளராததால் அல்ல, வளர்வது நம் கண்ணில் படாததால்தான் பல நேரங்களில் நாம் சோர்ந்துபோகிறோம்.

அப்படியானால் கைகட்டி இருந்துவிடலாமா? இந்தப் பைன் மரத்தின் கதை அப்படிச் சொல்லவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்த நாற்றுகளோடு ஒரு பூஞ்சை நோயும் வந்தது. எண்ணற்ற மரங்கள் பட்டுப்போயின. 2022இல் அமெரிக்க அரசு இதனை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவித்தது. இன்று வனப் பணியாளர்கள் நோயைத் தாங்கி நிற்கும் மரங்களைத் தேடி ஏறுகிறார்கள். கூம்புகளுக்குக் கம்பிக்கூண்டு கட்டி, விதை சேகரித்து, கன்று வளர்த்து நடுகிறார்கள். அம்மரம் நிறைவாகக் காய்க்க அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகலாம். நடுகிறவர்களில் பலர் அதைக் காணப்போவதில்லை, ஆயினும் நடுகிறார்கள்.

உழைப்பது நம் பங்கு, வளரச் செய்வது இறைவனின் பங்கு. முளைத்ததா என்று தினமும் மண்ணைத் தோண்டிப் பார்ப்பவர் விதையையே கெடுத்துவிடுகிறார். ஆகவே இந்த வாரம் அந்தப் பிள்ளையோடு தொலைபேசியில் பேசுவோம். "பூசைக்குப் போனாயா?" என்பதைச் சற்றே ஒத்திவைத்து, "சாப்பிட்டாயா? உடம்பு எப்படி இருக்கிறது?" என்று அன்போடு கேட்போம். பேசி முடித்தபின் அப்பிள்ளையின் பெயரைச் சொல்லி ஓர் அருள் நிறை மரியே செபிப்போம்.

இறைவா, நாங்கள் மறந்துபோன விதைகளையும் நீர் மறப்பதில்லை. பலனைக் காணாமலே விதைக்கும் மனதை எங்களுக்குத் தாரும். ஆமென்.