பாட்டி ஊட்டிய ஒரு வாய்

நடுவர் அவர்களே! பிள்ளை வளர்க்கப் பாசம் ஒன்றே போதும் என்று எதிரணித் தங்கை உருகிவிட்டுப் போனார். சரிம்மா, முந்திரி அலர்ஜி உள்ள பேரனுக்குக் கல்யாணப் பந்தியிலே பாயசம் ஊட்டுறாங்களே பாட்டி, அவங்களுக்குப் பாசம் இல்லையா? "ஒரு வாய்தானே, ஒண்ணும் ஆகாது!" (சிரிப்பு)

முந்திரியைப் பொறுக்கிப் போட்டுட்டாங்களாம். அதன் புரதம் பாயசத்திலே இறங்கியிருக்குமே, அதை எந்தக் கரண்டியாலே பொறுக்குவீங்க? உதடு வீங்குது, உடம்பெல்லாம் தடிக்குது, மூச்சு இழுக்குது. கண்ணு பட்டுடுச்சுன்னு மிளகாய் சுத்துறாங்க! தேவை தொடையிலே அட்ரினலின் ஊசி, அதுவும் உடனே.

"குருமாவிலே முந்திரி அரைச்சீங்களா?"ன்னு சமையற்கட்டு வரைக்கும் போய்க் கேட்கிறா தாய். "ரொம்பத்தான் அலட்டிக்கிறா" என்று சொந்தபந்தம் சிரிக்குது. சிரிக்கட்டும் ஐயா! அவ கேட்டு முடிச்ச பிறகுதான் அந்தப் பிள்ளைக்கு இலை. (கைதட்டல்)