முட்டையைக் காணோம் என்றால் முதலில் கோழியைப் பாருங்க

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. கோழி வளர்ப்பைப் பற்றிப் பேசு என்று தலைவி அக்கா சொன்னதும், எனக்கு என்ன தெரியும்னு பின்வாங்கினேன். "உனக்கு நடந்ததைச் சொல்லு, அது போதும்" என்றார்கள். அதனால் நடந்ததைச் சொல்கிறேன். இதில் என் மதினி ஒருத்தர் வருவார். சொல்லலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் குழுவில் உள்கடன் 5,000 ரூபாய் வாங்கினேன். எட்டு வெடைக்கோழி, ஒரு சேவல், இரண்டு பஞ்சாரம் வாங்கினதில் பணம் தீர்ந்து போச்சு. மாசம் 500 ரூபாய் அசலையும் வட்டியையும் முட்டை வித்தே கட்டிடலாம் என்பது என் கணக்கு. முதல் இரண்டு மாசம் கணக்கு சரியாகத்தான் இருந்தது. தினம் நாலு, அஞ்சு முட்டை கிடைக்கும். பிள்ளைகளுக்கு இரண்டு எடுத்து வைத்தது போக மிச்சத்தை ஒன்று 12 ரூபாய்க்குக் கொடுத்தேன்.

மூன்றாவது மாசம் முட்டை குறைய ஆரம்பிச்சது. நாலு இரண்டாச்சு, இரண்டு ஒன்றாச்சு, சில நாள் அதுவும் இல்லை. ஆனால் கோழி கொக்கரிக்குது. கொக்கரிச்ச கோழி முட்டை இட்டிருக்கணுமே, அந்த முட்டை எங்கே? தவணை இரண்டு மாசம் நின்று போச்சு. குழுக் கூட்டத்தில் எழுந்து நிற்கவே கூச்சமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து, பக்கத்து வீட்டு மதினியின் குப்பைக் குழியில் முட்டை ஓடு கிடந்ததைப் பார்த்தேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் முள்வேலிதான். நேராகக் கேட்டிருந்தாலாவது பரவாயில்லை. நான் ஜாடை பேசினேன். கோழியைத் திட்டுற மாதிரி, "நாலு வீடு திங்கிறதுக்கா நான் கடன் வாங்கி வளர்க்கிறேன்" என்று வேலி ஓரமாக நின்று சத்தமாகச் சொன்னேன். மதினிக்குப் புரியாமல் இருக்குமா? அன்றிலிருந்து கூட்டத்தில் என் பக்கத்தில் உட்காருவதை விட்டுவிட்டார். அவர் வீட்டில் கிடந்தது வெள்ளை ஓடு, கடையில் வாங்கின பண்ணை முட்டை. என் கோழி இடுவது லேசான பழுப்பு நிறம். கோபத்தில் அது எனக்குத் தெரியல.

ஒரு நாள் காய்ச்சல் என்று வேலைக்குப் போகாமல் திண்ணையில் படுத்திருந்தேன். பதினொரு மணி இருக்கும். ஒரு கோழி மூலையில் உட்கார்ந்து முட்டை இட்டுவிட்டு எழுந்தது. எழுந்த வேகத்தில் அதுவே திரும்பி நின்று இரண்டு கொத்து கொத்தியது. மற்ற கோழிகள் ஓடி வந்தன. நான் எழுந்து போவதற்குள் ஓடுகூட மிச்சமில்லை, தரையில் ஈரம் மட்டும்தான். முதலில் கொத்தின கோழியின் அலகில் மஞ்சள் கரு ஒட்டியிருந்தது. எனக்கு இருந்த காய்ச்சல் எங்கே போச்சுன்னே தெரியல.

அன்று சாயங்காலமே மதினி வீட்டுக்குப் போனேன். என்ன பேசினோம் என்பது எங்களுக்குள் இருக்கட்டும். கொஞ்ச நேரம் அவரும் திட்டினார், நானும் கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் கால்நடை மருந்தகத்தில் டாக்டர் அம்மாவிடம் கேட்டேன். "ஓடு கெட்டியா இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டார். யோசித்தால், கொஞ்ச நாளாகவே ஓடு மெல்லிசாக இருந்தது, கையில் எடுத்தாலே நெரியும். கோழிக்கு ஒரு முட்டை உருவாக ஒரு நாள் ஆகிறது. அதில் 20 மணி நேரம் ஓடு கட்டுவதற்கே போகிறது. நான் போட்டதெல்லாம் ரேஷன் அரிசியும் பழைய சோறும். அதில் சுண்ணாம்புச் சத்துக்கு எங்கே போகும்? மெல்லிசு ஓடு கால் பட்டு உடையும், கோழி ருசி பார்க்கும். ருசி கண்டபிறகு நல்ல முட்டையையும் உடைக்கும். ஒன்று செய்வதைப் பார்த்து மற்றதும் பழகும். நான் இன்னொரு தப்பும் செய்திருந்தேன். சமையலில் உடைத்த ஓட்டை வெள்ளைக் கரு ஒட்டினபடியே முற்றத்தில் வீசுவேன். முட்டை தின்கிற பொருள்தான் என்று நானே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

இப்போது ஓட்டைக் கழுவி, வெயிலில் காயவைத்து, சட்டியில் வறுத்து, ஓடு என்றே தெரியாதபடி பொடித்துக் கொடுக்கிறேன். கிளிஞ்சல் கிடைத்தால் அதையும் இடித்து ஒரு கொட்டாங்குச்சியில் தனியாக வைப்பேன், வேண்டியதைக் கோழியே கொத்திக்கொள்ளும். ஓடு கட்டும் வேலை பெரும்பாலும் ராத்திரியில்தான் நடக்கிறது, அதனால் சாயங்காலம் வைப்பது நல்லது. சுட்ட சுண்ணாம்பைப் போட்டுவிடாதீர்கள், வாய் வெந்துவிடும். கூடவே கம்பு, தவிடு, ஒரு பிடி கடலைப் புண்ணாக்கு. கரையான் கிடைத்தால் அன்று அதுகளுக்கு விருந்து. வெயில் காலத்தில் மண்சட்டியில் தண்ணீர் வற்றாமல் இருக்கணும். தாகத்துக்கும் கோழி முட்டையை உடைக்கும்.

முட்டையிட இடம் இருட்டாகவும் மெத்தென்றும் இருக்கணும். நாலைந்து கோழிக்கு ஒரு கூடை போதும். வைக்கோல் பரப்பி, முன்னால் ஒரு சாக்கைத் தொங்கவிட்டேன். காலையில் பத்து மணிக்கு ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை முட்டையை எடுத்துவிட்டு, முட்டை அளவு வெள்ளைக் கூழாங்கல்லை உள்ளே போட்டு வைத்தேன். கொத்திக் கொத்திப் பார்த்து அலுத்துவிட்டன. மிளகாய்ப் பொடியை முட்டைக்குள் அடைத்து வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். அதையும் தின்றது! பறவைகளுக்கு மிளகாய்க் காரம் உறைக்காதாம். கிளி பழுத்த மிளகாயைத் தின்கிறதைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கணும், எனக்குத்தான் தோணல. அலகைச் சுட்டுவிடு என்றார் ஒரு பாட்டி. அதை மட்டும் செய்ய மனசு வரல. ஆரம்பித்து வைத்த அந்த ஒரு கோழி கடைசி வரை திருந்தல, குழம்புக்குப் போய்விட்டது. மற்றவை மூன்று, நாலு வாரத்தில் விட்டுவிட்டன.

காணாமல் போகிற முட்டையை எல்லாம் கோழியே தின்கிறது என்றும் சொல்ல முடியாது. பாம்பு என்றால் முழுசாக விழுங்கும், தடயமே இருக்காது. கீரிப்பிள்ளை ஓட்டைப் போட்டுவிட்டுப் போகும். சில கோழி படப்புக்குள் ஒளித்து இட்டுவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி வந்து நிற்கும். கூடையில் செல் பிடித்திருந்தாலும் இடத்தை மாற்றும். ராத்திரி டார்ச் அடித்துக் கூடையைப் பார்த்தால் தெரியும். அந்த வைக்கோலைக் கொளுத்திவிட்டு, கூடையை வெயிலில் போடணும்.

இடுவதையே நிறுத்தியிருந்தால் அது வேற கதை. நாட்டுக்கோழி பத்து, பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். என் எட்டில் மூன்று அப்படித்தான் உட்கார்ந்திருந்தது, நான் அதையும் திருட்டுக் கணக்கில் சேர்த்திருந்தேன். குஞ்சு வேண்டாம் என்றால், காற்றும் வெளிச்சமும் அடியில் படுகிற கூண்டில் தீனி, தண்ணீரோடு சில நாள் வைத்தால் அடை தெளிந்துவிடும். மூக்கில் இறகு குத்துவதெல்லாம் வேண்டாம். இறகு உதிர்க்கிற காலத்திலும் முட்டை நிற்கும், அந்தச் சத்து புது இறகுக்குப் போகிறது. அரிசியாகத் தின்று கொழுப்பு வைத்த கோழியும் இடாது. பண்ணையில் பல்பு போட்டு 16 மணி நேரம் வெளிச்சம் காட்டுகிறார்கள். நாம் காலையில் ஏழு, எட்டு மணி வரைக்கும் பஞ்சாரத்தைத் திறக்காமல் வைத்திருக்கிறோம். விடிந்ததும் திறந்து விடுங்கள்.

வெள்ளைக் கழிச்சலில் பிழைத்த கோழியும் முன்னே மாதிரி இடாது. பிப்ரவரி மாதம் கால்நடைத் துறையில் இருந்து ஊருக்கே வந்து இலவசமாகக் கழிச்சல் தடுப்பூசி போடுகிறார்கள். அன்று காலையில் கோழியைத் திறந்துவிடாமல் வைத்திருங்கள். திறந்துவிட்டால் யார் பிடிப்பது?

என் கடன் 14 மாசத்தில் முடிந்தது. பத்து மாசத்தில் முடிந்திருக்க வேண்டியது. போன தைக்கு மதினி என்னிடம் ஆறு குஞ்சு வாங்கி வளர்த்தார். போன வாரத்தில் இருந்து அதில் ஒன்றின் முட்டையைக் காணோம். கோழி கொக்கரிக்குது, அலகும் சுத்தமாக இருக்கு. இரண்டு பேருமாகப் படப்பைச் சுற்றித் தேடிக்கொண்டிருக்கிறோம். இன்னும் கிடைக்கல.