வீட்டு நாய்க்கு விடைகொடுத்தல்



மனிதர் ஒருவர் காலமானால், துக்கத்தைச் சுமப்பதற்கென்று நம் குடும்பங்களில் ஒரு சம்பிரதாயம் இருக்கிறது. உறவினர் வருகிறார்கள், அண்டை வீட்டார் சோறு சமைத்து அனுப்புகிறார்கள், பதினாறாம் நாள் காரியம் வரையில் இன்னின்ன நாளில் இன்னின்னது என்று வகுக்கப்பட்டு, அழவேண்டிய வேளையையும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழவேண்டிய வேளையையும் ஊராரே நிச்சயித்துக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் பத்துப் பன்னிரண்டு வருஷம் வாசற்படியைக் காத்து, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையைத் தெருமுனையிலேயே எதிர்கொண்டு அழைத்துவந்த நாய் இறந்துபோகும் அன்று, அந்த வீட்டாருக்கு இவற்றில் ஒன்றேனும் கிடையாது. அலுவலகத்தில் விடுமுறை கேட்கக் கூச்சம். கேட்டால் மேலதிகாரி சிரிப்பாரோ என்ற அச்சம். "நாய்தானே, வேறொரு குட்டி வாங்கிக்கொள்ளுங்கள்" என்று நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். அந்த வேளையில் அதைப்போல் மனத்தைப் புண்படுத்தும் சொல் வேறில்லை.

இந்தக் கூச்சம் நம் முன்னோருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. திருவண்ணாமலைச் சீமையில் எடுத்தனூர் என்ற ஊரில், மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் நாட்டிய நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் கவர வந்த கள்ளரோடு பொருது மாண்ட வீரனுக்கு எடுத்த அந்தக் கல்லில், அவனருகே அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்ற அதன் பெயரையும், அது கள்ளனைக் கடித்துக் காத்து நின்ற செய்தியையும் மறவாமல் பொறித்துவைத்தார்கள்.

கன்னட நாட்டு ஆதகூர்க் கல்லோ இதனினும் விசேஷமானது. 949ஆம் ஆண்டை ஒட்டித் தக்கோலத்தில் நடந்த போரில், சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே மடிந்தான் அல்லவா? அந்தப் போரில் எதிர்த்தரப்பில் நின்று பராக்கிரமம் காட்டிய மணலேரன் என்ற வீரனிடம், கங்க மன்னன் பூதுகன் மகிழ்ந்து, "வேண்டியதைக் கேள்" என்றபோது, அவன் பொன்னையும் ஊரையும் விட்டுவிட்டுக் காளி என்னும் வேட்டை நாயைக் கேட்டு வாங்கிக்கொண்டான். பின்னர் அந்தக் காளி ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு சமர் செய்து, பன்றியும் தானுமாக ஒருங்கே மாண்டுபோயிற்று. அதற்குக் கோயிலின் முன் கல் நாட்டி, நிலமும் மானியமாக விட்டு, கல்லுக்குப் பூஜை செய்யாமல் பூசாரி உண்ணலாகாது என்று சாசனமும் எழுதிவைத்தார்கள். நாயும் பன்றியும் பொரும் அந்தச் சிற்பத்தை இன்றைக்கும் பெங்களூர் அரசாங்க அருங்காட்சியகத்தில் காணலாம். பாரதக் கதையில் தருமபுத்திரரைப் பின்தொடர்ந்த நாயை நான் குறிப்பிடவில்லையே என்று சிலர் நினைக்கலாம். அது மாறுவேஷம் பூண்டு வந்த தருமதேவதை. காளியும் கோவிவனும் வெறும் நாய்கள், அவ்வளவே. அதனால்தான் அவற்றின்மேல் எனக்கு மதிப்பு அதிகம்.

பன்றியோடு பொருது மடியும் பாக்கியம் வீட்டு நாய்க்கு வாய்ப்பதில்லை. பின்னங்கால் தளர்ந்து, கண்ணில் திரை படர்ந்து, சிறுநீரகம் பழுதாகி, பிரியமான பிஸ்கோத்தையும் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நாள் வருகிறது. இனிக் குணமில்லை என்று கால்நடை மருத்துவர் சொல்லிவிட்டால், நிம்மதியாகத் தூங்க வைத்துவிடலாமா என்ற கேள்வி எழுகிறது. அதை ஜீவஹிம்சை என்று எண்ணி, கஞ்சி புகட்டி, ஈரத்துணி மாற்றி, அது தானாகப் போகும்வரை உடனிருப்போரை நான் குறைகூற மாட்டேன். ஆனால் வலிக்கு மருந்துகூடக் கொடுக்காமல் விட்டுவைப்பதைப் பக்தி என்று சொல்லவும் மாட்டேன். தூங்க வைக்கும் முடிவுக்கு இசைவோர் அறிந்துகொள்ள வேண்டியது இது: மருத்துவர் முதலில் ஊசி போட்டு அதை உறங்கச் செய்து, பின்பு மயக்க மருந்தையே மிக அதிகமான அளவில் இரத்தக்குழாயில் செலுத்துகிறார், பிரக்ஞை முன்னே போய்விட, சுவாசமும் இருதயமும் அதற்குப் பின்பே நிற்கின்றன. கண்கள் பெரும்பாலும் மூடுவதில்லை. அதைக் கண்டு திகைக்க வேண்டாம். இயன்றால் அறைக்கு வெளியே நிற்காதீர்கள். பழகிய கையின் வாசனை அதற்கு அப்போது அவசியம்.

குழந்தைகளிடம், "ஊருக்கு அனுப்பிவிட்டோம்" என்று பொய் சொல்வது நம்மவர் வழக்கம். அந்தக் குழந்தை பல நாள் வாசலில் நின்று எதிர்பார்க்கும். ஒருநாள் உண்மை தெரிந்த பின் நாயை இழந்ததோடு நம்மீதுள்ள நம்பிக்கையையும் இழக்கும். செத்துப்போயிற்று என்றே சொல்லி, குழந்தையின் கையாலேயே ஒரு பூவைப் போடச் சொல்லுங்கள். தோட்டமுள்ளவர்கள் கிணற்றுக்கு எட்டத்தில், தெருநாய் தோண்டாத ஆழத்தில் குழி வெட்டலாம். மாடிக் குடியிருப்பில் வாழ்வோர், நாய் உயிரோடிருக்கும்போதே நகராட்சியிலோ கால்நடை மருத்துவமனையிலோ அடக்கத்துக்கான வழியை விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது. அன்றைக்கு விசாரிக்க மனம் வராது.

கல் நாட்ட இந்தக் காலத்தில் எல்லாருக்கும் இயலாது. ஆகவே நேயர்களே, அண்டை வீட்டில் நாய் இறந்துவிட்டது என்று கேள்விப்பட்டால், மனிதர் இறந்த வீட்டுக்குப் போவதுபோலவே ஒரு நடை போய், அதன் பெயரைச் சொல்லித் துக்கம் விசாரித்துவிட்டு வாருங்கள்.